பிளாக் சபாத் முதல் ஆல்பத்தை 1970ல அவ்வளவு திட்டினது நிஜமா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். பிளாக் சபாத்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட முதல் ஆல்பம் வந்தப்ப பெரிய விமர்சகர்கள் எல்லாம் குப்பைன்னு எழுதினாங்கங்கறது உண்மையா, உண்மைன்னா இன்னைக்கு அதையே தலைமேல வச்சு கொண்டாடுறாங்களே அது எப்படி. ரெண்டாவது, கேக்க ஆரம்பிக்கறதுன்னா பிரிட்டிஷ் எடிஷனா அமெரிக்க எடிஷனா. ரெண்டாவதுக்கு பதில் சின்னது, அதை கடைசில சொல்றேன். முதல் கேள்விக்கு கொஞ்சம் பொறுமையா படிங்க, இந்த ஆல்பம் எனக்கு ரொம்ப வேண்டப்பட்டது, சுருக்கமா சொல்ல மனசு வரல.

திட்டினாங்கங்கறது உண்மைதான். ரோலிங் ஸ்டோன்ங்கற அமெரிக்க இசைப் பத்திரிகைல 1970 செப்டம்பர்ல லெஸ்டர் பேங்ஸ் எழுதின விமர்சனத்தோட சாரத்தை ஒரே வரில சொல்லிடலாம்: கிரீம் (எரிக் கிளாப்டன் கிட்டார் வாசிச்ச பிரிட்டிஷ் பேண்டு) மாதிரியே இருக்கு, ஆனா அதைவிட மோசம். நியூயார்க்ல வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகைல எழுதிட்டு இருந்த ராபர்ட் கிறிஸ்ட்கவ் அதைவிட ஒரு படி மேல போய், மந்திரம் மாயம்னு போலி வேஷம் போடுற கும்பல்ங்கற தொனியில எழுதி, அடிமட்டத்துல மார்க் போட்டாரு. இந்த ரெண்டு பேரும் சாதாரண ஆளுங்க இல்ல, ராக் விமர்சனம்னு ஒரு துறையே அப்பதான் உருவாகிட்டு இருந்துச்சு, அதை உருவாக்கினதே இவங்க மாதிரி ஆளுங்கதான். அதுக்கு முந்தின வருஷம் இதே ரோலிங் ஸ்டோன் லெட் செப்பலின் முதல் ஆல்பத்தையும் இப்படித்தான் ஒதுக்கி தள்ளியிருந்துச்சு, அதனால சபாத்துக்கு மட்டும் நடந்த அநியாயம்னும் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் பாருங்க. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ லேபிள்ல இங்கிலாந்துல ரிலீஸ். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஈவில் உமன்னு ஒரு சிங்கிள் விட்டு பாத்தாங்க, அது சார்ட் பக்கமே போகல. ஆனா ஆல்பம் பிரிட்டிஷ் சார்ட்ல 8வது இடம் வரைக்கும் போச்சு. அமெரிக்கால ஜூன்ல வார்னர் பிரதர்ஸ் விட்டாங்க, 23வது இடம் வரைக்கும் ஏறி, ஒரு வருஷத்துக்கு மேல சார்ட்டை விட்டு இறங்கவே இல்ல. பேங்ஸ் விமர்சனம் வந்ததும் இந்த ஆல்பம் கடை கடையா வித்துட்டு இருந்ததும் ஒரே காலம். அப்ப நீங்க கேட்ட "எப்படி மாறிச்சு"ங்கற கேள்வியே கொஞ்சம் திருத்தணும். வாங்கினவங்க மாறவே இல்ல, முதல் நாள்லேர்ந்து அவங்களுக்கு புடிச்சிருந்துச்சு. மாறினது எழுதினவங்க.

ஏன் எழுதினவங்களுக்கு கேக்கல? இதுக்கு "விமர்சகர்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு, எனக்கு அது புடிக்கறது இல்ல. ஏன்னா அவங்க சொன்னதுல பாதி சரி. ரெண்டாவது பக்கத்துல வார்னிங்னு ஒண்ணு வரும், ஐன்ஸ்லி டன்பர் பேண்டோட பாட்டை எடுத்து பத்து நிமிஷத்துக்கு மேல இழுத்திருப்பாங்க, நடுவுல டோனி அயோமி தனியா கிட்டார்ல சுத்தி சுத்தி வருவாரு. நல்லாத்தான் இருக்கு, ஆனா 1968ல இங்கிலாந்துல இருந்த எந்த ப்ளூஸ் ராக் பேண்டும் இதை செஞ்சிருக்கும், கிளாப்டன் இதைவிட நல்லாவே செஞ்சிருப்பாரு. கிரீம் அப்பதான் கலைஞ்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு, எல்லார் காதுலயும் அந்த சத்தம் இருந்துச்சு. அந்த காதோட உக்காந்து கேட்டா, இதுல வேகம் இல்ல, நளினம் இல்ல, பாடுறவர் குரல்ல ப்ளூஸ் சாயலும் இல்ல. எல்லாம் சரியான கவனிப்புதான். ஆனா நெல்லு அளக்குற படியை எடுத்துட்டு வந்து துணியை அளந்தா என்ன கணக்கு வரும்? அதுதான் நடந்துச்சு. இல்லாததை எல்லாம் கரெக்டா எண்ணினாங்க, இருக்கறது என்னன்னு பாக்கல.

இருக்கறது என்னன்னு தெரியணும்னா முதல் பாட்டுக்கு போகணும். மழை, தூரத்துல இடி, கோயில் மணி, அப்புறம் மூணே மூணு ஸ்வரம். இந்த மூணு ஸ்வரத்தை பத்தி ஊர்ல நிறைய கதை இருக்கு, பிசாசோட ஸ்வரம், சர்ச் தடை பண்ணி வச்சிருந்துச்சு, வாசிச்சா தண்டனைன்னு. தடை பண்ணதுக்கெல்லாம் ஆதாரம் எதுவும் கிடையாது. மேற்கத்திய இசை இலக்கணக்காரங்க அந்த இடைவெளியை கரடுமுரடுன்னு தவிர்த்தாங்க, பின்னாடி அதுக்கு பிசாசு பேரும் வச்சாங்க, அவ்ளோதான். நான் இதை காலேஜ் படிக்கறப்ப வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டேன், எங்க அக்கா பாட்டு கத்துக்கிட்டவ, உள்ளேர்ந்து வந்து நின்னு கேட்டுட்டு "கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம், இதுல என்னடா பிசாசு, கல்யாணில தினமும் பாடுறதுதானே"ன்னா. எனக்கு சப்புன்னு போச்சு. அவளே இன்னொரு தடவை போட சொன்னா. போட்டேன். இந்த தடவை கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மத்யமம் பஞ்சமத்தை தொட்டு தொட்டு நடுங்குது பாரு, ஆனா பஞ்சமத்துல போய் உக்காரவே மாட்டேங்குது, கல்யாணில அந்த இடத்துல ஒரு ஆறுதல் வரும், இவன் அந்த ஆறுதலை தரவே மாட்டேங்கறான்"ன்னா. அம்பது வருஷமா இந்த ரிஃபை (திரும்ப திரும்ப வர்ற கிட்டார் வரியை) பத்தி எழுதினதுல நான் படிச்ச எதுவும் இவ்வளவு துல்லியமா சொல்லல. 72 மேளகர்த்தால 36ல இருக்குற ஸ்வரம் அது, அதுல பயம் எதுவும் இல்ல. பயம் இருக்கறது அதை நடுவுல தொங்கவிட்டு, அதுக்கப்புறம் வர்ற மௌனத்தை நீளமா விடுற விதத்துலதான்.

அந்த ரிஃப் வந்த விதமும் சொல்லிடறேன். கீஸர் பட்லருக்கு இசையமைப்பாளர் ஹோல்ஸ்டோட தி பிளானெட்ஸ்ல வர்ற செவ்வாய் கிரகத்துக்கான பகுதி ரொம்ப புடிக்கும், ரிகர்சல்ல பேஸ் கிட்டார்ல அதை தட்டிட்டு இருந்தாரு, மறுநாள் அயோமி இந்த ரிஃபோட வந்து நின்னாரு. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க, ஒரே ரத்தம்னு தெரியும்.

இப்ப ஊருக்கு வருவோம், ஏன்னா ஊரு இல்லாம இந்த ஆல்பம் இல்ல. நாலு பேரும் பர்மிங்ஹாம்ல ஆஸ்டன் பக்கத்து ஆளுங்க. தொழிற்சாலைக்கு நடுவுல வரிசை வீடு, இரும்பு அடிக்கற சத்தம் ராத்திரி பகல்னு இல்லாம கேக்கும். பாடகர் ஓஸி ஓஸ்போர்ன் கசாப்பு கூடத்துல வேலை பாத்தவரு, அதுக்கு முன்னாடி கார் ஹார்ன் ட்யூன் பண்ற வேலை. கீஸர் கணக்கு வேலை பழகிட்டு இருந்தவரு. அயோமி இரும்புத்தகடு ஃபேக்டரில வெல்டர். 17 வயசு, அந்த வேலையோட கடைசி நாள், தகடு வெட்டுற பிரஸ்ல வழக்கமா நிக்கற ஆள் வரலன்னு இவரை நிக்க வச்சாங்க, மெஷின் இறங்கி வலது கையில நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு. அவரு இடதுகைக்காரரு, அதாவது வலது கைதான் கிட்டார்ல தந்தியை அழுத்துற கை. டாக்டர் இனிமே வாசிக்க முடியாதுன்னுட்டாங்க. ஃபேக்டரி மேனேஜர் ஒருத்தர் ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்டை கொண்டுவந்து கேளுன்னு குடுத்தாரு, தீ விபத்துல ரெண்டு விரல் செயல் இழந்தும் வாசிச்ச ஜிப்ஸி கிட்டார் மேதை அவரு. கேட்டப்புறம் அயோமி பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டிலை உருக்கி உருட்டி, சால்டரிங் அயர்னால ஓட்டை போட்டு, விரல்ல உக்கார்ற வரைக்கும் உப்புத்தாள் தேய்ச்சு, அது தந்தில வழுக்குதுன்னு பழைய தோல் ஜாக்கெட்லேர்ந்து ஒரு துண்டு வெட்டி மேல ஒட்டி, தனக்குத்தானே ரெண்டு விரல் தொப்பி செஞ்சுக்கிட்டாரு.

தொப்பி வழியா தந்தி தொடு உணர்ச்சியே தெரியாது, எவ்வளவு அழுத்தறோம்னு காதாலதான் கண்டுபிடிக்கணும். கனமான தந்தி வலிக்கும், மெல்லிசு தந்தி செட்டு அப்ப கடைல கிடைக்காது, அதனால பாஞ்ஜோ தந்தியை வாங்கி மாட்டினாரு. முழு கார்டு (பல ஸ்வரத்தை ஒண்ணா சேத்து வாசிக்கறது) புடிக்கறது கஷ்டம், அதனால ரெண்டு ஸ்வரம் மட்டும் புடிச்சு அதையே தடிமனா, பெருசா கேக்க வைக்கற வழியை தேடினாரு. கீஸர் முதல்ல கிட்டார் வாசிச்சவரு, இந்த பேண்டுக்காக பேஸுக்கு மாறினாரு, அதனால பேஸை தாளத்துக்கு துணையா வாசிக்காம கிட்டாரோட சேந்து அதே ரிஃபை கீழ் ஸ்தாயில வாசிச்சாரு. இந்த ரெண்டும் சேந்ததுதான் அந்த சுவர் மாதிரி சத்தம். ஒரு விஷயம் இங்கயே திருத்திடறேன், இந்த ஆல்பத்துல கிட்டாரை கீழ இறக்கி ட்யூன் பண்ணியிருக்காங்கன்னு நிறைய பேர் எழுதறாங்க, இல்ல. சாதாரண ட்யூனிங்தான். இறக்கினது 1971ல மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துலதான். அதாவது இவ்வளவு கனமும் சாதாரண ட்யூனிங்லயே வந்திருக்கு, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ரெக்கார்டிங்கும் இதே மாதிரி கைல இருந்ததை வச்சு முடிச்சதுதான். 1969 அக்டோபர், லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ, ஃபோர் டிராக் மெஷின், புரொட்யூசர் ராட்ஜர் பெயின், இன்ஜினியர் டாம் ஆலம் (இவருதான் பத்து வருஷம் கழிச்சு ஜூடாஸ் பிரீஸ்டோட பிரிட்டிஷ் ஸ்டீலை புரொட்யூஸ் பண்ணாரு, ஹெவி மெட்டலோட ரெண்டு முக்கியமான இடத்துலயும் இவரு கை இருக்கு). ஒரே நாள். சுமார் பன்னெண்டு மணி நேரம். மேடைல வாசிக்கறதை அப்படியே வாசிச்சாங்க, ஓஸி பக்கத்து ரூம்ல நின்னு கூடவே பாடினாரு, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு டேக்தான். அயோமி பின்னாடி சொன்னது, ஒரு முழு நாள்ங்கறதே எங்களுக்கு ரொம்ப ஜாஸ்தியா தெரிஞ்சுச்சு, மறுநாள் இருபது பவுண்டு சம்பளத்துக்கு வாசிக்க ஸ்விட்சர்லாந்து கிளம்பிட்டோம்னு. இதை கேட்டு அவசரத்துல செஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. ஹாம்பர்க் ஸ்டார் கிளப்ல ஒரே நாள்ல பல செட் வாசிச்சு, யாரும் கவனிக்காத கூட்டத்துக்கு முன்னாடி இந்த பாட்டை எல்லாம் மாசக்கணக்கா அரைச்சு வச்சிருந்தாங்க. ஸ்டூடியோக்கு வந்தப்ப யோசிக்க எதுவும் மிச்சம் இல்ல. மழை, இடி, மணி எல்லாம் பின்னாடி சேத்தது.

அதனால பில் வார்டோட டிரம்ஸை கவனிச்சு கேளுங்க. அவரு ஜீன் க்ரூபா மாதிரி ஜாஸ் ஆளுங்களை கேட்டு வளந்தவரு. முதல் பாட்டுல அந்த மெதுவான பகுதில மத்த டிரம்மர் யாரா இருந்தாலும் நேரா ஒரு தாளத்தை போட்டுட்டு போயிருப்பாங்க, இவரு தாளமே போடல, கிட்டாருக்கு பதில் சொல்றாரு, உருட்டி உருட்டி விட்டு நிறுத்தறாரு. என் கணக்குல இந்த ஆல்பத்துல ரொம்ப குறைவா பாராட்டப்பட்டவரு இவருதான். என்.ஐ.பி.ங்கற பாட்டுல கீஸர் வாவா பெடல் போட்டு தனியா வாசிக்கற ஆரம்பம் இருக்கே, அது முடிஞ்சு பேண்டு முழுசா உள்ள விழற அந்த இடம், அதை ஒரு தடவை ஹெட்ஃபோன்ல கேளுங்க. தி விசார்ட்ல ஓஸி மவுத் ஆர்கன் வாசிச்சிருக்காரு. ஸ்லீப்பிங் வில்லேஜ் ஆரம்பத்துல டொய்ங் டொய்ங்னு ஒண்ணு கேக்கும், அது நம்ம மோர்சிங்கோட ஐரோப்பிய சொந்தக்காரன், அங்க ஜூஸ் ஹார்ப்னு சொல்வாங்க. ஒரு ஹார்ட் ராக் ஆல்பத்துல மோர்சிங் சத்தம்னு யாருமே சொல்றது இல்ல.

வரவேற்பு கெட்டதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அது பாட்டே இல்ல, அட்டை. தேம்ஸ் கரைல மேப்பிள்டர்ஹாம்ங்கற இடத்துல இருக்குற பழைய நீர் ஆலை, காய்ஞ்ச மரம், கருப்பு அங்கி போட்ட ஒரு பொண்ணு. கீஃப்னு ஒரு ஃபோட்டோகிராஃபர் எடுத்தது, கலரே நோய் பிடிச்ச மாதிரி இருக்கும், அற்புதமான படம். ஆனா விரிச்சு பாத்தா உள்ள தலைகீழ் சிலுவை. அது பேண்டுக்கே தெரியாம போட்டது. அதோட விளைவு, ஒரு பக்கம் சாத்தானை கும்பிடறோம்னு சொல்லிக்கிட்டு திரியற ஆளுங்க இவங்களை தேடி வர, இன்னொரு பக்கம் மதப்பற்று உள்ளவங்க கொதிக்க, நடுவுல விமர்சகர்கள் இது வெறும் வியாபார வித்தைன்னு முடிவு கட்டிட்டாங்க. பெரும்பாலான வரிகளை எழுதின கீஸர் கத்தோலிக்க குடும்பத்துல வளந்தவரு. ராத்திரி கட்டில் காலடில ஒரு கருப்பு உருவம் நின்னதா தோணி பயந்துபோன அனுபவம் அவரோடது, முதல் பாட்டு அதுதான். அந்த பாட்டுல சாத்தானை யாரும் கூப்பிடல, கடவுளே காப்பாத்துன்னு அலறல்தான் இருக்கு. வரியை ஒரு தடவை ஒழுங்கா கேட்டிருந்தா பாதி சண்டை வந்திருக்காது. பேண்டு ஆளுங்க கழுத்துல போட்டுக்கிட்ட சிலுவை இருக்குல்ல, அது ஓஸியோட அப்பா ஃபேக்டரில டூல்மேக்கர், அவரு கையால செஞ்சு குடுத்தது, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு. அதை பாத்துதான் இவங்களை பிசாசு கூட்டம்னு சொன்னாங்க, நினைச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்.

லெஸ்டர் பேங்ஸ் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா அவரை வில்லனாக்கி எழுதறதை நான் ஒத்துக்க மாட்டேன். அவரு பிறந்தது 1948 டிசம்பர் 14. ஓஸி பிறந்தது அதே வருஷம் அதே மாசம் 3ந்தேதி. பதினோரு நாள் வித்தியாசம். அந்த விமர்சனம் எழுதறப்ப அவருக்கு வயசு 21, ஒருத்தன் கலிஃபோர்னியால, ஒருத்தன் ஆஸ்டன்ல. அவருக்கு தெரிஞ்ச உலகத்துல ராக் இசைன்னா வெயில்ல பூத்தது, அதுல இந்த மழையும் புகையும் அவருக்கு நடிப்பாத்தான் பட்டிருக்கும். ஆனா அவரு அதோட நிக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, 1972ல, கிரீம் பத்திரிகைல சபாத்தை பத்தி நீளமா எழுதினாரு, இவங்க பிசாசு வேஷக்காரங்க இல்ல, உலகம் கெட்டுப்போறதை பாத்து எச்சரிக்கிற ஆளுங்கன்னு புரிஞ்சுக்கிட்டு எழுதினாரு. பேரு ஒண்ணா இருக்கேன்னு குழம்பாதீங்க, கிரீம் பேண்டு வேற, இந்த பத்திரிகை வேற. தான் அச்சுல எழுதினதை தானே திருப்பி எழுதற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு அவரு மேல மரியாதை அதனாலதான்.

மத்தபடி நிலைமை மாறினது இசைக்காரங்களாலதான். 70கள் கடைசிலயும் 80கள்லயும் வளந்து வந்த மெட்டல் பேண்டுங்க ஒவ்வொண்ணும் நாங்க இங்கேர்ந்துதான் ஆரம்பிச்சோம்னு இந்த ஆல்பத்தை கைகாட்டினாங்க. மெதுவான, இருண்ட டூம் மெட்டல்னு ஒரு கிளையே அந்த முதல் ஆறு நிமிஷத்துலேர்ந்து முளைச்சது. இத்தனை பேர் ஒரே கிணத்தை காட்டினப்புறம் தண்ணி இல்லன்னு பத்திரிகை எத்தனை நாள் சொல்ல முடியும்? அதே ரோலிங் ஸ்டோன் 2017ல மெட்டல் ஆல்பங்களை வரிசைப்படுத்தினப்ப இதை 5வது இடத்துல வச்சாங்க, முதல் இடம் இதே பேண்டு அதே 1970ல செப்டம்பர்ல விட்ட பாரனாய்டுக்கு. 2006ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், 2023ல பர்மிங்ஹாம் ராயல் பாலே இவங்க பாட்டை வச்சு ஒரு முழு பாலேவே போட்டாங்க. 2025 ஜூலை 5, ஆஸ்டன் வில்லா பார்க்ல நாலு பேரும் கடைசியா ஒண்ணா மேடை ஏறினாங்க, ஓஸி வளந்த வீட்டுலேர்ந்து நடந்து போற தூரம். நாலே பாட்டு, அதுல ஒண்ணு இந்த ஆல்பத்து என்.ஐ.பி. நாற்காலில உக்காந்து பாடினாரு. பதினேழு நாள் கழிச்சு போயிட்டாரு. அந்த வீடியோவை நான் ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன், அதுக்கு மேல முடியல.

சரி, எடிஷன். ரெண்டுக்கும் முக்கிய வித்தியாசம் ஒரு பாட்டுதான். பிரிட்டிஷ் எடிஷன்ல ஈவில் உமன் இருக்கும், அது க்ரோங்கற அமெரிக்க பேண்டோட பாட்டு, கம்பெனி ஹிட் வேணும்னு பாட வச்சது, அவங்களுக்கே அதுல ஆர்வம் இல்லன்னு கேக்கறப்பவே தெரியும். அமெரிக்க எடிஷன்ல அதுக்கு பதிலா விக்கட் வேர்ல்ட், அவங்க சொந்த பாட்டு. நான் அமெரிக்க எடிஷனைத்தான் சொல்வேன், இப்ப கிடைக்கற ரீஇஷ்யூ நிறையல ரெண்டு பாட்டுமே இருக்கு, அது கிடைச்சா இன்னும் நல்லது. விக்கட் வேர்ல்ட் கேக்கறப்ப கிட்டார் சத்தத்தை மத்த பாட்டோட ஒப்பிட்டு பாருங்க, கொஞ்சம் மெலிசா, கூர்மையா இருக்கும். அன்னைக்கு முதல்ல ரெக்கார்ட் பண்ணது அதுதான், அயோமி கைல இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அந்த பாட்டு முடிஞ்சதும் கிட்டாரோட பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமா மாத்தற பாகம்) செத்துப்போச்சு. சரி பண்ண நேரம் இல்ல, ஸ்பேருக்கு கொண்டுவந்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்து மாட்டிக்கிட்டு மத்த எல்லாத்தையும் அதுல வாசிச்சாரு, அதுக்கப்புறம் அவரு எஸ்ஜியை விடவே இல்ல.